கைரேகை வைத்துப் பையனின் அறிவை அளக்கிறார்களாம், பணம் கட்டலாமா?

ஷிப்டு பி (ஓசூர்) – திங்கள், இரவு 11:20

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இப்போது ஒரு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது.

பையன் நாலாவது படிக்கிறான். பள்ளியிலிருந்து (தனியார்தான், பெயர் வேண்டாம்) ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்வார்களாம். பிள்ளைக்குப் பிறவியிலேயே எவ்வளவு அறிவு, கணக்கு வருமா, பாட்டு வருமா, டாக்டருக்குப் போகலாமா இன்ஜினியருக்குப் போகலாமா என்று நாற்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் வருமாம். 4,500 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 3,900.

வீட்டில் கட்டிவிடலாம் என்கிறார்கள். "எல்லாப் பிள்ளைங்களும் பார்க்கறாங்க, நம்ம பையனுக்கு மட்டும் பார்க்காம விட்டா டீச்சர் என்ன நினைப்பாங்க" என்பது அவள் கட்சி. எனக்குப் பணம் கூடப் பெரிதில்லை, உறுத்துவது வேறு. 'அறிவு அதிகம்' என்றே வந்தாலும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். நானும் அண்ணனும். நான் பத்தாவதில் 467, பள்ளியிலேயே முதல். அண்ணன் ஒன்பதாவதில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவர். நான் டிப்ளமோ முடித்து சிப்காட்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சூப்பர்வைசர். வீட்டுக்கடனில் இன்னும் பதினொரு வருடம் பாக்கி. அண்ணன் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். இரண்டு மாடி, மூன்று வண்டி. பொங்கலுக்குப் போனால் என் பையன் கையில் அவர் இரண்டாயிரம் வைப்பார், நான் அவர் மகள் கையில் ஐந்நூறு வைப்பேன். அந்த ஐந்நூறை நீட்டும்போது ஒரு மாதிரி இருக்கும்.

அறிவுக்கும் வாழ்க்கையில் முன்னுக்கு வருவதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய் – திங்கள், இரவு 11:41

ஒகேனக்கல் போனால் கிளி ஜோசியர் ஐம்பது ரூபாய்க்குப் பார்த்துச் சொல்வார். கிளிக்கு நெல்லு தனி. வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியெல்லாம் கிடையாது, கிளிக்கு மானம் உண்டு.

நிகழ்தகவு (கிருஷ்ணகிரி / பெங்களூரு) – செவ்வாய், காலை 7:15

அண்ணா, பணம் கட்டாதீர்கள். புள்ளியியலில் ஆராய்ச்சி மாணவன் நான், இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் கவனித்து வருகிறேன்.

கரு மூன்றாவது, நாலாவது மாதத்தில் இருக்கும்போதே விரல் ரேகை உருவாகிவிடும், அப்புறம் மாறாது. சில குரோமோசோம் கோளாறுகளில் ரேகை மாறியிருக்கும் என்பதும் உண்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பல குழந்தைகளுக்கு உள்ளங்கையில் குறுக்கே ஒரே கோடு ஓடும். இந்த உண்மையை ஒரு கைப்பிடி எடுத்து, மிச்சத்தைக் கற்பனையால் நிரப்பி, ரிப்போர்ட் என்று விற்கிறார்கள். சுழி இருந்தால் கணக்கு வரும், வளையம் இருந்தால் பேச்சு வரும் என்பதற்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்லை.

நிஜமான அறிவுச் சோதனையின் கதையே வேறு. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே என்பவரும் தியோடர் சிமோன் என்ற மருத்துவரும் சேர்ந்து முதல் சோதனையைச் செய்தார்கள். வகுப்பில் பின்தங்கி, தனிக் கவனிப்பு வேண்டியிருக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்தது அது. யார் கெட்டிக்காரன் என்று பட்டம் கட்டுவதற்கு அல்ல. அறிவு பிறவியோடு வந்த மாறாத சரக்கு என்று சொல்வதை பினேயே ஒத்துக்கொள்ளவில்லை. சோதனையில் வரும் அறிவு அளவுக்கு 'ஐக்யூ' என்ற சொல்லே பின்னால், 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் வைத்தது. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடச் செய்த கருவி அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் மேதையைத் தேடும் கருவியாகிவிட்டது. நம் ஊர் பள்ளி வாசலுக்கு வரும்போது அதுவும் போய் வெறும் மை தடவல் ஆகிவிட்டது.

மண்டிக்காரன் (ராயக்கோட்டை) – செவ்வாய், மதியம் 2:05

வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஷிப்டு தம்பி, உங்கள் அண்ணன் தொழில்தான் எனக்கும். ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஒன்பதாவது பெயில், இன்றைக்கு இரண்டு மாடி" என்று எங்களை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. என்னோடு சேர்ந்து பள்ளியை விட்டவர்கள் பதினொரு பேர். மண்டி வைத்தவன் நான் ஒருத்தன். நாலு பேர் பெங்களூரில் கட்டட வேலை, அதில் ஒருத்தன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். இரண்டு பேர் கல் குவாரி. ஒருத்தன் லாரி. மிச்சப் பேர் எங்கே என்றே தெரியாது. அவர்களை யாரும் மேடையில் ஏற்றி "படிக்காமலும் ஜெயிக்கலாம்" என்று பேசச் சொல்வதில்லை. என் மகனைப் படிக்க வைக்காமல் விடுவேனா? நீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. அண்ணனுக்கு அறிவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுத்தில் வாடை வருகிறது. விடிய நாலு மணிக்கு மண்டிக்கு வந்து பாருங்கள். ஆந்திரா பார்ட்டியோடு தெலுங்கு, பெங்களூர் பார்ட்டியோடு கன்னடம், விவசாயியோடு தமிழ். மூன்றும் ஒரே மூச்சில். 138 பெட்டி, பெட்டி 340 என்றால் 46,920 என்று வாய் சொல்லும்போது கண் அடுத்த வண்டியின் பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். காம்பு பக்கம் பச்சை எவ்வளவு இருக்கிறது, கோயம்பேடு போய்ச் சேரும்போது எவ்வளவு பழுக்கும், இந்த ஆளுக்கு ஒரு லோடு கடன் கொடுத்தால் திரும்புமா, எல்லாம் அந்த நேரத்திலேயே ஓடும். இதில் கடைசி விஷயம்தான் கஷ்டம். அதில் தப்பினவன் மண்டியை மூட வேண்டியதுதான். நானே ஒரு தடவை பாதி மூடினேன்.

ஷிப்டு பி – செவ்வாய், மாலை 4:50

அண்ணா, வாடை வந்தது உண்மைதான். எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு வாத்தியார் (அரூர்) – செவ்வாய், இரவு 8:30

34 வருடம் கணக்கு வாத்தியார். மார்க் போட்டே கை தேய்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கரும்பு. கோபாலபுரத்தில் சர்க்கரை ஆலை, கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கும். பல வருடம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். ஒரே பையன், ஒரே மூளை. அப்பாவுக்கு ஆலைப் பணம் வருவதற்கு முன்னால் நடக்கும் தேர்வில் 50 வாங்குவான், பணம் வந்த பிறகு நடக்கும் தேர்வில் 70. முதலில் சோம்பேறி என்று நினைத்து அடித்திருக்கிறேன். (அப்போது அடிப்பது வழக்கம், இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.) ஒரு நாள் அப்படி ஒருத்தனைப் பலகையில் வர்க்கமூலம் போடச் சொன்னேன். போட்டுக்கொண்டே வந்தவன் நடுவில் நின்று, "சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்று கேட்டான். எதற்கென்று விசாரித்தால், வெள்ளிக்கிழமை வட்டிக்காரர் வீட்டுக்கு வரும் நாள். அவன் தலைக்குள் வர்க்கமூலத்துக்கு இடமே இல்லை.

வள்ளுவர் ஊழ் அதிகாரத்தில் சொல்லியிருப்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செல்வம் உடையவராக இருப்பது வேறு, தெளிந்தவராக இருப்பது வேறு, உலகத்தின் இயல்பே இரண்டு என்கிறார். பிள்ளைகளுக்கு நடத்தும்போது நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: செல்வம் இல்லாவிட்டால் சில நேரம் தெளிவும் தள்ளிப் போகும்.

தொப்பூர் கணவாய் – செவ்வாய், இரவு 8:44

அப்போ அறிவுக்கும் பணத்துக்கும் கோரிலேஷன் (தொடர்பு) கம்மி என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். நிகழ்தகவு தம்பி, ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள்.

நிகழ்தகவு – செவ்வாய், இரவு 10:10

வாத்தியார் ஐயா, உங்களுக்குத் தெரிந்து எழுதினீர்களா தெரியாமல் எழுதினீர்களா என்று எனக்கு ஆச்சரியம். நீங்கள் பார்த்ததையே பக்கத்து மாவட்டங்களில் ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் என்று நாலு பேர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகள். ஒரே ஆளுக்கு அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பணம் வந்த பின்னால் ஒரு தடவை சோதனை வைத்தார்கள். படிப்பறிவு தேவைப்படாத, வடிவங்களைப் பார்த்து அடுத்தது எது என்று சொல்லும் வகைச் சோதனை. கை காய்ந்திருந்தபோது மோசமாகச் செய்தவர்கள், பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆலை ஊருக்கு ஊர் வேறு வேறு வாரத்தில் வெட்டச் சொல்வதால் இது மழையாலா வெயிலாலா என்ற குழப்பமும் குறைவு. 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வருமானம் வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வருவதுதான். கையில் பணம் இருக்கும் மாதமும் இல்லாத மாதமும் பளிச்சென்று பிரியும்.

இப்போது ஷிப்டு அண்ணா கேட்ட கேள்வி. சம்பந்தம் இருக்கிறது. 'அறிவெல்லாம் ஒன்றுமில்லை, உழைப்புதான்' என்று சொல்வது ஆறுதலாக இருக்கும், ஆனால் சரியில்லை. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1-ம் தேதி, 1921-ல் பிறந்த பிள்ளைகள் ஏறக்குறைய அனைவருக்கும் ஒரே நாளில் சோதனை வைத்தார்கள். எண்பத்தேழாயிரம் பேருக்கு மேல். அறுபது எழுபது வருடம் கழித்து அந்தப் பழைய தாள்களைத் தேடி எடுத்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தது இயான் டீரி என்ற உளவியலாளரின் குழு. பதினோரு வயதில் அதிகம் வாங்கியவர்கள், சராசரியாக, அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். இதைத் தூக்கிப் போட முடியாது.

ஆனால் பணம் என்று வந்தால் நூல் மெலிந்துவிடுகிறது. பெரும்பாலும் மேல்நாட்டுக் கணக்குகள்தான் இவை. அறிவுச் சோதனைக்கும் எவ்வளவு தூரம் படிக்கிறோம் என்பதற்கும் தொடர்பு 0.5-க்கு மேல் (முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0). வருமானத்தோடு 0.2-ஐ ஒட்டித்தான் வருகிறது. 0.2 என்றால் என்ன? அதை அதாலேயே பெருக்குங்கள், 0.04. ஆளுக்கு ஆள் வருமானம் ஏன் வேறுபடுகிறது என்று நூறு பங்காகக் கேட்டால், நாலு பங்குக்குத்தான் அந்தச் சோதனை பதில் சொல்கிறது. மீதி 96 பங்கு குடும்பம், ஊர், உடம்பு, சாதி, யார் யாரைத் தெரியும், எந்த வருடத்தில் பிறந்தோம்.

மண்டிக்காரன் – புதன், மதியம் 1:40

எந்த வருடம் என்பது கூட இல்லை தம்பி, எந்த வாரம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஊரில் பக்கத்துப் பக்கத்து நிலம், பங்காளிகள். ஒருத்தர் ஏப்ரல் கடைசியில் நட்டார். இன்னொருத்தர் போர்வெல்லில் மோட்டார் ரிப்பேர் என்று ஜூனில் நட்டார். முன்னவர் ஜூலையில் பறித்து டிராக்டர் வாங்கினார். பின்னவர் பறிக்கும்போது விலை விழுந்துவிட்டது, பறிகூலி கூடக் கட்டாமல் செடியோடு விட்டார். இப்போது முன்னவரிடம்தான் எல்லாரும் நடவுக்கு யோசனை கேட்கிறார்கள். அவரும் தாடியைத் தடவிக்கொண்டு சொல்கிறார்!

சாமியார்மலை – புதன், மதியம் 3:15

இத்தனை பேசுகிறீர்கள், நம்ம மண்ணின் மைந்தரை விட்டுவிட்டீர்களே. ஓசூர் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியை விட மூளைக்காரர் யார்? 1954-ல் அவர் எழுந்த முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர். இன்றைக்கு ஜனங்கள் நெஞ்சில் யார் இருக்கிறார்?

தொப்பூர் கணவாய் – புதன், மதியம் 3:22

ஒரே நாற்காலிதானே இரண்டு பேருக்கும் கிடைத்தது. இதில் யார் தோற்றார்?

சாமியார்மலை – புதன், மதியம் 3:30

குலக்கல்வித் திட்டம் கொண்டு வந்தது யார், மூடின பள்ளியைத் திறந்தது யார் என்று

நெறியாளர் – புதன், மதியம் 3:34

இது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் விடிய விடியப் பேசுங்கள். இங்கே வேண்டாம்.

ஒகேனக்கல் தண்ணி (பென்னாகரம்) – புதன், இரவு 9:05

ஒரு சின்ன விஷயம். எங்கள் தலைமுறைக்கு இங்கே போர்வெல் தண்ணிதான். ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள், எங்கள் ஊர் கிணறுகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். பல் முளைக்கும் வயதில் அந்தத் தண்ணியைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், தேய்த்தாலும் போகாது. எனக்கு டிகிரியில் முதல் வகுப்பு. சென்னையில் முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். எதிரே இருந்தவர் நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்தார். "புகையிலை போடுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கப்புறம் எந்த இன்டர்வியூவிலும் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டே பேசினேன். கையை வைத்துக்கொண்டு பேசுகிறவனைப் பார்த்தால் தன்னம்பிக்கை இல்லாதவன் மாதிரிதானே இருக்கும்? எந்தச் சோதனையில் இது வரும்?

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. என் மகளுக்குப் பல் வெள்ளை. அவள் வாயைத் திறந்து சிரிப்பாள்.

நிகழ்தகவு – வியாழன், காலை 6:50

ஒகேனக்கல் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி இன்னொன்று ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் ஒரு வேலை தொடங்கினார். சோதனை வைத்து 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கினார், ஏறக்குறைய எல்லாருக்கும் ஐக்யூ 135-க்கு மேல். ஆயுசு முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். நிறையப் பேர் நன்றாக வந்தார்கள். ஆனால் உலகம் புரட்டிய மேதை யாரும் வரவில்லை. அவர் வடிகட்டி வேண்டாம் என்று விட்ட பையன்களில் இரண்டு பேர் பின்னால் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள், வில்லியம் ஷாக்லி 1956-ல், லூயிஸ் ஆல்வாரெஸ் 1968-ல். இதைச் சொல்லி டெர்மனைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. நோபல் பல லட்சத்தில் ஒருவருக்கு வருவது, எந்தச் சல்லடையிலும் அது விழுந்து போகலாம்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. அந்தக் கூட்டத்திலேயே மிக நன்றாக வந்த 150 பேரையும், எதிர்பார்த்த அளவு வராத 150 பேரையும் தனியே எடுத்து ஒப்பிட்டார் டெர்மன். சின்ன வயதில் இரண்டு கூட்டத்துக்கும் ஐக்யூ கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் இருந்தது விடாமுயற்சியில், தன்னம்பிக்கையில். அப்புறம் அப்பா படித்தவரா என்பதில்.

புள்ளிக்கோலம் (காவேரிப்பட்டணம்) – வியாழன், இரவு 9:48

நாலு நாளாகப் படிக்கிறேன். நிகழ்தகவு தம்பி, ஒரு கேள்வி. அந்த 150-ம் 150-ம் ஆண்களா, பெண்களா?

நிகழ்தகவு – வியாழன், இரவு 10:02

ஆண்கள் மட்டும் அக்கா. மொத்தக் கூட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெண்கள் இருந்தார்கள். அதில் நிறையப் பேர் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்துவிட்டார்கள். அதனால் 'வெற்றி' என்ற அளவுகோலை அவர்களுக்கு வைத்துப் பார்க்கவே இல்லை. நீங்கள் கேட்கும் வரை இது எனக்கு உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புள்ளிக்கோலம் – வியாழன், இரவு 10:30

சரி. நான் கிராம செவிலியர். எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வீட்டுக்கு வீடு போகிற வேலை, எந்த வீட்டில் யார் எத்தனாவதோடு நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்த இழையில் வந்த உதாரணத்தை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். முதல் மார்க் தம்பி, மண்டி அண்ணன், பங்காளிகள், வர்க்கமூலம் போட்ட பையன், இரண்டு முதல்வர்கள், இரண்டு நோபல்காரர்கள். பெண் என்று வந்தது ஆராய்ச்சி செய்த ஆனந்தி மணி அம்மாவும் ஜியாயிங் ஷாவ் அம்மாவும், வாயைத் திறந்து சிரிக்கும் ஒரு குழந்தையும், ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டச் சொன்ன அம்மாவும்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பதினாறு வயதுக்கு முன்னால் கழுத்து நீட்டிய பிள்ளைகளை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எல்லாரும் மக்குப் பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளை, தடுப்பூசி அட்டையில் நான் தேதி தப்பாக எழுதியதைத் தலைகீழாகப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னது. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று அப்போது. வயது பதினேழு. அவளுடைய ஐக்யூவுக்கும் வருமானத்துக்கும் கோரிலேஷன் போடுங்கள் பார்ப்போம், வருமானம் என்ற கட்டமே காலி.

மகளிர் குழு என்பது தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், ஐநாவின் வேளாண் நிதி உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. அந்தக் குழு நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். வட்டி, தவணை, உள்கடன் என்று ஒரு பைசா பிசகாமல் எழுதியிருக்கும். எழுதியவளைக் கேட்டால் "நான் ஏழாவது வரைக்கும்தான்க்கா" என்பாள்.

ஷிப்டு தம்பி, "நானும் அண்ணனும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பெண் பிள்ளை இல்லையா?

தொப்பூர் கணவாய் – வெள்ளி, காலை 10:15

(இன்றைக்கு நான் ஜோக் அடிக்கவில்லை.)

ஓய்வு வாத்தியார் – வெள்ளி, மாலை 6:20

அம்மா, பழைய வருகைப் பதிவேடு மனதில் ஓடுகிறது. ஒன்பதாவதில் தை மாதத்துக்குப் பிறகு சில பெயர்களுக்கு நேரே கோடு இழுத்திருப்பேன். 'நீக்கம்' என்று ஒரு சொல் எழுதுவோம். ஏன் என்று யாரும் எழுதச் சொன்னதில்லை, நானும் எழுதியதில்லை.

ஷிப்டு பி – ஞாயிறு, இரவு 10:55

பதில் சொல்ல நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். புள்ளிக்கோலம் அக்கா கேட்டதைப் படித்துவிட்டு ஷிப்டு முழுக்க வேலை ஓடவில்லை.

இருக்கிறாள். அக்கா. என்னை விட ஐந்து வயது மூத்தவள், அண்ணனுக்கும் மூத்தவள். ஏன் எழுதாமல் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மறைக்கவில்லை. ஞாபகமே வரவில்லை, அது இன்னும் மோசம்.

எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தது அவள்தான். ராத்திரி களி உருண்டையை நூல் வைத்து நாலாக அறுப்பாள். முக்காலைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, "உனக்கு எவ்வளவு?" என்பாள். 'கால்' என்று சொன்னால் இன்னொரு துண்டு வரும். "இப்போ?" 'அரை.' தப்பாகச் சொன்னால் துண்டு திரும்பிப் போகும். நான் 467 வாங்கியது அந்தத் தட்டிலிருந்துதான் ஆரம்பம். அவள் ஒன்பதாவது அரைப்பரீட்சை லீவில் கல்யாணம் ஆகி ஏரியூர் பக்கம் போனாள். அதுவரைக்கும் அவள்தான் வகுப்பில் முதல். அம்மாவைக் கேட்டேன், "ஆமாண்டா, அவதானே" என்று சாதாரணமாகச் சொன்னார்.

இன்று பையனைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புளி சீசன். திண்ணை முழுக்கக் கொட்டி வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்குத்தான், சொந்த மரம் இல்லை. சுத்தியலால் ஓட்டை உடைத்து, நார் உரித்து, கத்தியால் கீறிக் கொட்டையை எடுப்பது. கை அது பாட்டுக்கு ஓடுகிறது, வாய் என்னோடு பேசுகிறது, நடுவில் ஒரு பெண் வந்து குழுவுக்கு இந்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே, "ஆயிரத்து நூத்தி அறுபது, போன மாசம் நீ நாப்பது கூடக் குடுத்தே, ஆயிரத்து நூத்தி இருபது போதும்" என்கிறாள்.

பேச்சோடு பேச்சாக அண்ணன் மண்டியைப் பற்றி வந்தது. அவர் ஆரம்பித்தபோது முதல் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடம் நான் கேட்டதில்லை. அக்கா குழுவில் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன். முதல் ஏழு தவணையையும் அவளே கட்டியிருக்கிறாள், புளி உடைத்து. அண்ணன் பின்னால் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதில் குறை இல்லை. "வட்டியும் போட்டுக் குடுத்தான், ஆனா கணக்குல எட்டு ரூபா கம்மி, விட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

பள்ளித் தாளை எடுத்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு பக்கமும் முழுசாகப் படித்தாள். நான் கூட அப்படிப் படிக்கவில்லை. கீழே சின்ன எழுத்தில் 'இந்த அறிக்கை வழிகாட்டுதலுக்கு மட்டுமே' என்று இருக்கிறதாம், அவள்தான் காட்டினாள்.

"பத்து வெரலுமா வைக்கணும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். தன் கையை விரித்துப் பார்த்தாள். புளி அரித்து விரல் நுனியெல்லாம் கறுத்து, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"ரேஷன் கடை மெஷின்லயே என் ரேகை விழறதில்லடா. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறேன். எனக்கு என்னன்னு எழுதுவாங்க?"

பையன் அவள் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. பணம் கட்டவில்லை.

மண்டிக்காரன் – திங்கள், மதியம் 1:55

படித்தேன் தம்பி. அண்ணன் அந்த எட்டு ரூபாயைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஏரியூர் பக்கம் இந்த வருடம் கொட்டை எடுத்த புளி என்ன விலைக்குப் போகிறது? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஷிப்டு பி – திங்கள், மதியம் 2:20

அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா. போன் எடுத்தால் முதலில் உங்கள் ஊர் விலையைக் கேட்பாள், அதையும் சொல்லிவிடுங்கள்.